பாதியில் நின்ற நற்செய்தி

சண்டை கடைசிப் பக்கத்தில் வந்தது. அதற்கு முந்தின பதினைந்து அதிகாரங்களிலும் எனக்கும் எசென்பெக் அண்ணனுக்கும் பெரிய தகராறு எதுவும் இல்லை.

நான்கு நற்செய்திகளில் மிகச் சின்னதைப் பேச்சுக் கிர்கீஸில் எழுதி, குரல்பதிவு செய்து, மலையில் ஆடு மேய்க்கிறவன் போனில் போட்டுக் கேட்கிற மாதிரி கொடுப்பது எங்கள் வேலை. தலைநகர் பிஷ்கெக்கில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில், இரண்டு அறை அலுவலகம். எசென்பெக் அண்ணன் தலைமைப் பதிப்பாசிரியர். வரைவு எழுதுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வெளிநாட்டு விருந்தாளி யாராவது வந்தால் போதும், "இவ தலாஸ் பக்கம், பீன்ஸ் காட்டுலேருந்து வந்த பொண்ணு" என்று அண்ணன் ஆரம்பித்துவிடுவார். என்னை அவரே மண்ணோடு பிடுங்கிக் கழுவி மேஜைமேல் வைத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சின்ன நற்செய்தி திடுதிப்பென்று நின்றுவிடும். மூன்று பெண்கள் விடிகிற நேரத்தில் கல்லறைக்குப் போகிறார்கள். வாசல் கல் புரண்டு கிடக்கிறது. உடல் இல்லை. வெள்ளை உடுப்பில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். அவர் எழுந்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பெண்கள் வெலவெலத்து ஓடுகிறார்கள். பயத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தோடு சரி. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இங்கேதான் நிற்கின்றன. பின்னால் வந்த யாரோ தாங்க முடியாமல் ஒரு பத்தி சேர்த்தார்கள். அதில் எல்லாம் நல்லபடியாக முடியும்.

எசென்பெக் அண்ணனுக்கு அந்தப் பத்தி வேண்டும். அதுவும் அடிக்குறிப்பு இல்லாமல், தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும்.

"கேக்கறவன் போன் கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பாப்பான் பெகாயிம்" என்றார்.

"தட்டிப் பாக்கட்டும்."

"நல்ல செய்தி போய் பயத்துல முடியலாமா?"

"பயந்தாங்கன்னா பயந்தாங்க. அதுல என்ன கேவலம்?"

எனக்கு அந்த முடிவு சும்மா ஒரு வரி இல்லை. பத்தொன்பது வயதில், விடுதியில், அறைத்தோழியின் அலமாரியிலிருந்து எடுத்து முதல்முறை படித்தபோது நான் நம்பியது அந்த இடத்தில்தான். பொய் சொல்கிறவன் இப்படி முடிக்கமாட்டான். ஆண் சீடர்கள் பன்னிரண்டு பேரும் ஓடிவிட்டார்கள், மிச்சமிருந்த பெண்களும் பயந்துவிட்டார்கள் என்று எவனாவது ஜோடிப்பானா? அதைப் பூசி மெழுகினால் என்னையே பூசி மெழுகுகிற மாதிரி. இதை அலுவலகத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கீழே பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் வழக்கப்படி எந்த வரைவையும், கதையே தெரியாதவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். "மூணு பேர்கிட்ட வாசி. ஒருத்தராவது அந்த முடிவை உள்ளது உள்ளபடி திருப்பிச் சொன்னா, விட்டுடறேன். யாரும் சொல்லலைன்னா பத்தி ஒட்டுறோம். வெள்ளிக்கிழமை நானே வந்து கேப்பேன். திங்கக்கிழமை ஒலிப்பதிவு."

நான் ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அக்டோபரில் எங்கள் ஊரில் யாரையும் கையைக் கட்டி உட்காரவைக்க முடியாது. செடி அடித்து, தூற்றி, மலைபோல் குவித்த பீன்ஸைப் பொறுக்கி முடித்தால்தான் குளிர்காலமே வரும். ஆனால் கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். எங்கள் முற்றத்துத் தார்ப்பாயைச் சுற்றி அம்மா புருல், பக்கத்து வீட்டு ஷார்கான் அத்தை, அத்தையின் புது மருமகள் அக்மரால், மூன்று பேர். உடைந்தது ஒரு பக்கம், மண்கட்டி ஒரு பக்கம், புள்ளி போட்டதில் கலந்துவிட்ட வெள்ளை ஒரு பக்கம். அக்மரால் நாலு மாத மருமகள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, தேநீரை, எங்கள் மரியாதைப்படி, கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி நீட்டிக்கொண்டே இருப்பாள். அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"என்னடி, மதம் மாறினவளே, எங்களையும் மாத்த வந்தியா?" என்றாள் ஷார்கான் அத்தை. அவளுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

"மாத்த வரல. ஒரு கதை வாசிப்பேன். நீங்க திருப்பிச் சொல்லணும்."

"நீ செத்தா இந்த ஊருல எங்க புதைப்பாங்கன்னு யோசிச்சியா?"

"இப்போதைக்குச் சாக நேரமில்ல அத்தை. திங்கக்கிழமை ஒலிப்பதிவு இருக்கு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். நான் ஞானஸ்நானம் எடுத்ததைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான், குளிர்ந்த தண்ணியிலா என்று. அதற்குப் பிறகு ஏழு வருடமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பேசாமை எனக்குக் கோபம். அம்மாவின் எல்லாப் பேசாமையும் எனக்குக் கோபம்தான்.

புதன்கிழமை முதல் பாதியை வாசித்தேன். பிறந்த கதை கிடையாது, வம்சம் கிடையாது, எடுத்த எடுப்பில் மனுஷர் ஆற்றில் இறங்கி நிற்கிறார். உடனே இது நடந்தது, உடனே அங்கே போனார், உடனே எழுந்தான், உடனே, உடனே. பத்தாவது 'உடனே'யில் ஷார்கான் அத்தை கையை நிறுத்தினாள்.

"இவருக்கு என்ன, வெளிய டாக்ஸி நிக்குதா?"

"மூலத்துலயே அப்படித்தான்."

"என்ன வேலை பாத்தார்னு சொன்னே?"

"தச்சு வேலை."

"தச்சன் எவனாவது உடனே வருவானா? எங்க வீட்டு ஜன்னலுக்குச் சொல்லி ரெண்டு வருஷம் ஆகுது."

அதிலிருந்து அவருக்குத் 'தச்சர்' என்றே பேர் விழுந்துவிட்டது. ஈசா என்று எங்கள் மொழிப் பேரை நான் வாசித்தாலும் அவர்கள் காதில் தச்சர்தான்.

பன்னிரண்டு வயதுப் பெண் சாகக் கிடக்கிற இடம் வந்தது. அப்பன் வந்து காலில் விழுகிறான், தச்சர் கிளம்புகிறார். வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கில் வாடிய ஒருத்தி கூட்டத்தில் புகுந்து அவர் துணியைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். இந்த இரண்டையும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாமே என்று எசென்பெக் அண்ணன் இங்கேயும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"அங்க பிள்ளை உசுருக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு, இவரு நடுரோட்டுல நின்னு யாரு தொட்டதுன்னு பஞ்சாயத்துப் பண்றாரா?" அத்தை கத்தியே விட்டாள்.

"அவளும் பன்னெண்டு வருஷம் காத்திருந்தவதானே" என்றாள் அம்மா, தலை தூக்காமல்.

"அதுக்கு? அந்த அப்பன்காரன் வயிறு என்ன பாடு படும்?"

மூன்று ஜோடிக் கையும் நின்றுபோயிருந்தன. தார்ப்பாயில் ஒரு கொட்டை நகரவில்லை. நான் கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

அந்தப் பெண் எழுந்து நடந்து, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று தச்சர் சொன்னதும் அத்தைக்குச் சமாதானமாகிவிட்டது. "இது ஆளு. சாப்பாட்டை மறக்கல." அடுத்த வரியில், யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார். "நல்லா இருக்கே! எங்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லாதேன்னு மட்டும் சொல்லிப் பாரு, சாயங்காலத்துக்குள்ள ஆறு தாண்டிப் போயிருக்கும். ஏன், எனக்கும்தான் அற்புதம் நடந்துச்சு. நான் ஊரெல்லாம் சொல்லலியா?"

"என்ன அற்புதம்?"

"என் வெள்ளைக் கன்னுக்குட்டி! பதினோரு வருஷம் முன்னாடி. உங்கப்பன் மண்ணுக்குப் போன வருஷம். ரெண்டு நாளா காணல, ஓநாய் தின்னுடுச்சுன்னு அழுது முடிச்சிட்டேன். மூணாம் நாள் காலையில தானா வாசல்ல வந்து நிக்குது! உடம்புல ஒரு கீறல் இல்ல. புருல் சாட்சி."

"ஆமா" என்றாள் அம்மா. ஒரு மண்கட்டியை எடுத்து வெகு தூரம் எறிந்தாள்.

வியாழக்கிழமை வாசலெல்லாம் எண்ணெய் வாசனை. எங்கள் பக்கம் வியாழன் தோறும் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரிப்பார்கள். வீட்டில் இறந்துபோனவர்களுக்கு அந்த வாசனைதான் சாப்பாடு. அம்மா பொரித்து இறக்கிவிட்டு வந்து உட்கார, நான் மிச்சத்தை வாசித்தேன். காட்டிக்கொடுத்தது, ஓடியது, மறுதலித்தது, கொன்றது.

"பன்னெண்டு தடியன், ஒருத்தன் கூட நிக்கலியா?" என்றாள் அத்தை. "நம்ம பால் சங்கம் தேவலாம்."

அப்புறம் அடக்கம். இங்கே நான் எதிர்பார்க்காத கேள்விகள் வந்தன. உடம்பை யார் கழுவினது? கழுவினவங்களுக்கு உடுப்புக் கொடுத்தாங்களா? யாரு ஒப்பாரி வெச்சா? ஒண்ணும் கிடையாது, அவசரமாகத் துணி சுற்றி வைத்துவிட்டார்கள் என்றேன். அத்தை நாக்கைத் தட்டினாள். பெண்கள் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றதும் அம்மா அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அது சரி" என்றாள். "வாசனை போய்ச் சேரணும்."

"எது சரி? பொம்பளைங்க கல்லறைக்கா?" என்றாள் அத்தை.

எங்கள் ஊரில் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. அந்தச் சாலையில் வண்டியில் போனால் முகத்தைக் கையால் தடவிக் கும்பிட்டுவிட்டுப் போவோம், இறங்கமாட்டோம். அப்பா இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. முற்றத்தில் கூடாரம் போட்டு, பெண்களை உள்ளே சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க வேண்டும். வெளியே ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். நாலு கை என்னைப் பிடித்து அமுக்கியது. அதில் ஒன்று அம்மாவின் கை. அன்றிலிருந்து எனக்குக் கூடாரத் துணியின் பூவேலையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வரியை வாசித்து முடித்துத் தாளை மூடினேன்.

"ம், அப்புறம்?" என்றாள் அத்தை.

"அவ்ளோதான்."

"அவ்ளோதானா? யாருகிட்டயும் சொல்லலைன்னா இவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, இதை எழுதினவனுக்கு?"

அதைத்தான் எசென்பெக் அண்ணனும் கேட்பார். சாயங்காலம் மூன்று பேரையும் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அத்தை சொந்தமாக ஒரு முடிவு கட்டினாள். அம்மா அடக்கத்தோடு நிறுத்திவிட்டாள். அக்மரால் மெல்லிய குரலில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் பெயர் வருகிற இடத்திலெல்லாம் மழுப்பினாள். படகுக்காரர் பையன் என்கிறாள், அவரு என்கிறாள், ஒருத்தங்க என்கிறாள். கல்லறைக்குப் போன மூன்றாவது பெண்ணிடம் வந்து வாயை மூடிக்கொண்டாள். சோதனைப் படிவத்தில் மூன்று கட்டத்திலும் 'புரியவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அம்மா பொரித்ததில் ஒன்பது தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் எசென்பெக் அண்ணன் வந்தார். வெள்ளைக் கார், தோல் செருப்பு. அம்மா அவரை வாசலுக்கு எதிர்ப்பக்கம், மரியாதை இடத்தில், மெத்தைமேல் உட்காரவைத்தாள். ரொட்டி, பாலாடை, ஆப்பிள் ஜாம். மனுஷர் ஊரை மெச்சிக்கொண்டார், காற்றை மெச்சிக்கொண்டார், பிறகு பேனாவைத் திறந்தார்.

ஷார்கான் அத்தை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாள். "பொம்பளைங்க ஓடினாங்க. நேரா போய்க் கதவைத் தட்டி, டேய், வெளிய வாங்கடா வெக்கங்கெட்டவனுங்களான்னாங்க. பன்னெண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தானுங்க. அப்புறம் ஆடு அடிச்சாங்க."

"ஆடா?"

"உயிரோட திரும்பி வந்திருக்காரு, ஆடு அடிக்காமலா தம்பி? ஊரே சாப்பிட்டுது."

"பன்னெண்டு பேர் இல்ல அத்தை, காட்டிக்கொடுத்தவன் செத்துட்டான்" என்றேன்.

"அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாங்க."

அண்ணன் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தலைகீழாகவே படித்துவிட்டேன்: 'கேட்பவர் நிறைவான முடிவை எதிர்பார்க்கிறார்.'

அடுத்தது அம்மா. "கல்லை வெச்சு மூடினாங்க. அவ்ளோதான்."

"அதுக்கப்புறம் மூணு பெண்கள் போனாங்களே அக்கா?"

"பொம்பளைங்க கல்லறைக்குப் போனதை எதுக்குத் தம்பி ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு?" அம்மா எழுந்து கெட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள். கெட்டில் கொதிக்கவே இல்லை. எனக்குப் பற்றி எரிந்தது. ஐந்து மாத உழைப்பை அம்மா ஒரு வாக்கியத்தில் மூடிக் கல்லும் வைத்துவிட்டாள்.

மிச்சம் அக்மரால். அவள் கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் அண்ணன். "கல்லறைக்குப் போன மூணு பேர் யாரு?"

"மக்தலா ஊரு மரியம்" என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. "சலோமே. அப்புறம் இன்னொருத்தங்க. ஒரு அம்மா."

"யாரோட அம்மா?"

அவள் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா, பரவாயில்ல."

"அவங்க மகனோட அம்மா."

அண்ணன் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பேரே பதியல, பெகாயிம். முடிவு எப்படிப் பதியும்?" பேனா காகிதத்துக்குப் போனது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ மாமனார் பேரைச் சொல்லச் சொல்றீங்களே தம்பி. அவ எந்த வாயால சொல்லுவா?"

அந்த மூன்றாவது பெண் யாக்கோபின் அம்மா மரியம். யாக்கோபு எங்கள் மொழியில் ஜாகிப். ஷார்கான் அத்தையின் புருஷன், அந்தத் தெருவிலேயே பெரிய குரல்காரர், ஜாகிப் மாமா. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பேரை வாயில் எடுக்கமாட்டாள். எங்கள் அம்மாவே அப்பாவின் அண்ணனை, அவர் சாகும்வரை, 'குதிரைக்காரர்' என்றுதான் சொன்னாள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கிர்கீஸ் மொழியில் பட்டம் வாங்கியவள். அந்தப் பெண் பேரைத் தாண்டித் தாண்டிப் போனதைக் கேட்டுவிட்டுப் 'புரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். படிவத்தைக் கசக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

பிஷ்கெக்கிலேயே பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு முகம் சிவந்தது. "அடடா! மன்னிச்சிடும்மா."

"நாலு மாசத்துல ஒரு தடவை தவறிக்கூட சொன்னதில்ல" என்றாள் அத்தை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "தங்கம்."

"சரி, இன்னொருத்தங்கன்னே வெச்சுக்க. அப்புறம் என்ன நடந்துச்சு?"

அக்மரால் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தலைத்துணியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

"ஆம்பளைங்க ஒளிஞ்சிக்கிட்டாங்க. இவங்க மூணு பேரும் விடியறதுக்குள்ள எந்திரிச்சு, தைலம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. வாசல்ல பெரிய கல்லு. அதை யாரு நமக்குப் புரட்டித் தருவான்னு பேசிக்கிட்டே போனாங்க. தெரிஞ்சும் போனாங்க. போய்ப் பாத்தா கல்லு ஏற்கெனவே ஒதுங்கிக் கெடக்கு. உள்ள வெள்ளைத் துணியில ஒரு தம்பி. பயப்படாதீங்க, அவரு எந்திரிச்சிட்டாரு, உங்களுக்கு முன்னாடி கலிலேயாவுக்குப் போறாரு, போய் அவங்ககிட்ட சொல்லுங்கன்னான். பயப்படாதேன்னு சொன்னதும்தான் பயமே வந்துச்சு. கையும் காலும் நடுங்குது. ஓடி வந்துட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல." நிறுத்தினாள். தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து அண்ணனின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"அப்புறம்?" என்றார் அண்ணன்.

"அவ்ளோதான்."

நான் வரைவுத் தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அழவில்லை. அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஷார்கான் அத்தைதான் விடவில்லை. "அது எப்படிடி? அவளுங்க சொல்லலைன்னா இந்தக் கதை எப்படி வெளிய வந்துச்சு?"

"பயம் எத்தனை நாளைக்கு இருக்கும் அத்தை?" என்றாள் அக்மரால். "நான் உங்க வீட்டுக்கு வந்தப்போ ஒரு மாசம் வாயே தெறக்கல. ஊமைப் பொண்ணைக் கட்டிட்டோமோன்னு பக்கத்து வீட்டுல சொல்லி அழுதீங்களாம்."

"யாரு சொன்னது?" அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"இப்ப பேசறேன்ல? அது மாதிரி. அவங்களும் என்னிக்காவது, பாத்திரம் கழுவுறப்போ, யாராவது கேட்டதும் சொல்லியிருப்பாங்க. கதையில ஏன் சொல்லணும் அதை? கதை முடிஞ்சப்புறம் நடந்தது அது."

எசென்பெக் அண்ணன் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு நான் எழுதிய படிவத்தைக் கேட்டு வாங்கி, மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தை அடித்து, 'புரிந்தது' என்று எழுதினார். "நிக்கட்டும்" என்றார். "ஆனா கேக்கறவங்க கேள்வி கேப்பாங்க பெகாயிம்."

"கேக்கட்டும்னுதானே அண்ணே அஞ்சு மாசமா கத்தறேன்."

"கத்தினே. கீழே பல் டாக்டர் கூட வந்து சொன்னாரு." அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. கிளம்பும்போது அத்தை அவர் காரில் ஒரு மூட்டை பீன்ஸைத் தூக்கிப் போட்டு, நிஜத்தில் ஆடு அடித்தார்களா இல்லையா என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

வெயில் சாய்ந்ததும் அம்மாவும் நானும் மட்டும் தார்ப்பாயில் மிச்சத்தைப் பொறுக்கினோம். நான் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை சீழ்க்கை அடிக்காதே என்று வழக்கமாக வரும் திட்டு வரவில்லை.

"அந்தத் தைலம்" என்றாள் அம்மா. "அதை என்ன பண்ணாங்க? திருப்பி எடுத்துட்டு வந்தாங்களா?"

"எழுதல."

"நான் அங்கேயே வெச்சிட்டு வந்தேன்."

"எதை?"

"பொரிச்ச ரொட்டி. ஏழு." அம்மா ஒரு உடைந்த கொட்டையைத் தள்ளினாள். "உங்கப்பாவுக்கு நாப்பதாம் நாள் கழிஞ்ச மறுநாள். வியாழக்கிழமை. வீட்டுல பொரிச்சா வாசனை அவ்வளவு தூரம் போகுமான்னு சந்தேகம் வந்துடுச்சு. துணியில கட்டிக்கிட்டு இருட்டு பிரியறதுக்குள்ள போயிட்டேன்."

நான் கையை நிறுத்திவிட்டேன். என்னைப் பிடித்து அமுக்கிய அதே கை, பீன்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"அந்த இரும்புக் கேட்டு தெரியுமில்ல, ரெண்டு ஆம்பளை சேர்ந்து தள்ளணும். அதை எப்படித் தள்ளப் போறேன்னு யோசிச்சிக்கிட்டே போனேன். போய்ப் பாத்தா தெறந்து கெடக்கு. உள்ள, உங்கப்பா பக்கத்துல, வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கு."

"அம்மா!"

"உசுரே போயிடுச்சு. ரொட்டியைப் போட்டுட்டு நின்னேன் பாரு, கால் நகரல. அப்புறம் அது 'ம்மா'ங்குது. ஷார்கானோட கன்னுக்குட்டி."

நான் தார்ப்பாயில் விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கும் தாங்கவில்லை. தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து இப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

"கயித்தைப் பிடிச்சு அவ வீட்டுக்குக் கொண்டு போனா, எங்க கெடைச்சுதுன்னு கேப்பா. கல்லறையிலன்னு சொல்ல முடியுமா? தெரு முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்து, முதுகுல ஒண்ணு வெச்சு, ஓடிட்டேன். பாதி ரொட்டியை அது தின்னுடுச்சு. உங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரு. கன்னுக்குட்டின்னா அவருக்கு உசுரு."

"பதினோரு வருஷமா ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சு. முதல்ல ஊருக்குப் பயம். அப்புறம் இந்த ஷார்கான் அற்புதம் அற்புதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டா, எப்படி வாயைத் தெறக்கறது?"

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"உன்னையா? நீ கத்துற கத்துக்குப் படுத்திருக்கறவங்க எல்லாம் எந்திரிச்சிருப்பாங்க."

அவள் பொறுக்கிய கொட்டைகளை மூட்டையில் அள்ளிப் போட்டாள். நான் மூட்டையின் வாயைப் பிடித்துக் கொடுத்தேன். கைகள் மூட்டைக்குள் உரசிக்கொண்டன.

"வியாழன் தோறும் போறியா?"

"தோறும் இல்ல. பனி இல்லாதப்போ." என்னை நேராகப் பார்த்தாள். "இந்த வாரம் உன் கதை கேக்க உக்காந்ததுல போகல. நாளைக்கு விடியறப்போ போகலாம்னு இருக்கேன். வர்றியா?"

"வர்றேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷார்கான் அத்தையின் குரல் கேட்டது. "என்னடி அங்க அவ்வளவு சிரிப்பு? எனக்கும் சொல்லுங்களேன்!"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சத்தியமா சொல்லு. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.